உடைகலம்: கவிழாத கப்பலைக் கவிழ்க்காதீர்கள்

பவளப்பாறையில் ஏறிய கப்பல் பெரும்பாலும் கவிழ்வதில்லை. சிக்கிக்கொள்கிறது, அடிப்பலகை பிளந்து நீர் ஏறுகிறது, அப்புறம் அலை அடிக்க அடிக்க உடைகிறது. ஆனால் பசிபிக் தீவுகளில் மாட்டிக்கொண்ட மாலுமிகளின் கதை தமிழுக்கு வரும்போதெல்லாம் 'கப்பல் கவிழ்ந்தது' என்றுதான் வருகிறது. ஆவணப்படத்துக்குத் தமிழ்க்குரல் கொடுப்பவரும் கவிழ்க்கிறார், சிறுவர் நூல் எழுதுபவரும் கவிழ்க்கிறார். கொஞ்சம் நவீனமாக எழுதுபவர்கள் 'கப்பல் விபத்து' என்கிறார்கள், ஏதோ சுங்கச்சாவடி அருகே லாரியும் வேனும் மோதிக்கொண்டது போல.

ஆங்கிலத்தில் இதற்கு ஷிப்ரெக். ஷிப் தெரியும். ரெக் பழைய நார்ஸ் மொழி வேரிலிருந்து பிரெஞ்சு பேசிய நார்மானியர் வழியாக இங்கிலாந்துக்கு வந்த சொல், 'கடல் அடித்துக்கொண்டு வந்து கரையில் தள்ளியது' என்று பொருள். ஒதுங்கிய சரக்கு அரசருக்கா, நிலத்துக்காரருக்கா என்ற வழக்குகளில்தான் அது முதலில் புழங்கியது. ஆக முதலில் அந்தச் சொல் குறித்தது மிஞ்சிய பொருளை. நிகழ்ச்சிக்குப் பெயரானது பிற்பாடு. அவ்வளவுதான் வேர், இனி சண்டைக்கு வருவோம்.

ஆன்டிலோப் என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, கப்பல் தலைவர் ஹென்றி வில்சன். 1783 ஜூலையில் சீனக் கரையிலுள்ள மக்காவ் துறைமுகத்திலிருந்து கிளம்பி, ஆகஸ்ட் 10 விடியும் முன்னால், இன்று பலாவ் என்று சொல்கிற தீவுக்கூட்டத்தில் ஊலோங் தீவு அருகே பவளப்பாறையில் ஏறிவிட்டது. உடனே அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? பாய்மரங்களை வெட்டித் தள்ளினார்கள். பாரம் குறைய வேண்டும், கப்பல் கவிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக. கவிழாமல் காப்பாற்ற மனிதர்கள் இருட்டில் கோடரியோடு அல்லாடிய ஒரு கப்பலை, நம் மொழிபெயர்ப்பாளர் ஒரே வினைச்சொல்லில் கவிழ்த்துவிட்டுப் போகிறார்.

சொல்தானே, போகட்டும் என்று விட முடியாது. கவிழ்ந்திருந்தால் அதற்கப்புறம் கதையே இல்லை. கப்பல் பாறைமேல் நின்றதால்தான் படகில் திரும்பத் திரும்பப் போய்க் கருவி, துப்பாக்கி, உணவு எல்லாம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கப்பலில் இருந்த சாராயப் பீப்பாய்களை உடைத்து ஊற்றிவிடவும் போனார்கள், ஆட்கள் குடித்துவிட்டுத் தீவுக்காரர்களிடம் வம்பு செய்யக் கூடாதென்று. தீவுக்காரர்களும் தோணியில் வந்து இரும்பைக் கழற்றினார்கள், இரும்பு அங்கே அவ்வளவு அரிய பொருள். பலாவின் கொரோர் பகுதித் தலைவர் இபெதுல் தன் போருக்குத் துப்பாக்கியோடு ஆள் கேட்டார், ஆங்கிலேயர் அனுப்பினார்கள். அந்த நட்பின் நிழலில் ஊலோங்கிலேயே புதிதாக ஒரு சிறு கப்பல் கட்டி நவம்பரில் மக்காவ் துறைமுகத்துக்குப் புறப்பட்டார்கள். இபெதுலின் மகன் லீ பூவும் கூடப் போனான். 1784 டிசம்பரில் லண்டனில் பெரியம்மை கண்டு இறந்தான், ராதர்ஹைத் தேவாலய வளாகத்தில் புதைத்தார்கள். இத்தனையும் நடந்தது கப்பல் முழுகாமல், ஆனால் ஓடவும் முடியாமல், பாறைமேல் கிடந்ததால். அந்தக் கிடப்பைச் சொல்ல ஒரு சொல் வேண்டாமா?

கவிழ்தல் ஏன் இப்படி நாக்கில் ஒட்டிக்கொண்டது என்பது தெரிந்ததுதான். 'கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே' என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம், ஆகவே கப்பலுக்கு எந்தக் கேடு வந்தாலும் கை தானாகக் கவிழ்த்து எழுதிவிடுகிறது. பழமொழிக்கு அது சரி, பாறைக்குச் சரியில்லை.

'கப்பற்சேதம்' என்று ஒன்று உண்டு. தமிழ் வேதாகமத்தில் பவுல் 'மூன்றுதரம் கப்பற்சேதத்தில் இருந்தேன்' என்பார். சேதம் வடமொழி, அதற்காகவே தள்ளுபவர்கள் உண்டு. என் குறை அதுவல்ல. அன்று சேதம் என்றால் வெட்டுப்படுவது, துண்டாவது என்ற வலு இருந்தது. இன்று மழையில் நெற்பயிர் சேதம், குடோனில் சரக்கு சேதம், கூரியரில் வந்த பெட்டி சேதம். கப்பற்சேதம் என்றால் பக்கவாட்டில் கீறல் விழுந்து இழப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அதே வேதாகமத்தில் பவுல் போன கப்பல் மெலித்தா தீவில் மாட்டிக்கொள்ளும் காட்சியைப் படித்துப் பாருங்கள்: கப்பலைத் தட்டவைக்கிறார்கள், 'முன்னணியம் ஊன்றி அசையாமலிருந்தது', பின்னணியம் அலையின் பலத்தால் 'உடைந்துபோயிற்று'. தட்டியது, ஊன்றியது, உடைந்தது. அங்கே ஒன்றும் கவிழவில்லை. அந்த வரியை எழுதியவருக்குக் கப்பல் தெரியும், குறைந்தபட்சம் கப்பல் தெரிந்தவரிடம் கேட்கவாவது தெரியும்.

அடுத்து 'கப்பற்சிதைவு'. இதற்குத்தான் ஆதரவாளர்கள் அதிகம், தனித்தமிழ் என்பதால். சிதைவு தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் சிதைவு மெதுவானது. கோயில் மதில் சிதையும், சுவடி சிதையும், கவனிப்பாரில்லாமல் துறைமுகத்தில் கட்டிப்போட்ட கப்பலும் சிதையும். பாறையில் மோதுகிற அந்த ஒரு நொடி அதில் இல்லை. போதாததற்கு நிகழ்ச்சிக்கும் அதே சொல், மிஞ்சிய உடலுக்கும் அதே சொல். 'கப்பற்சிதைவுக்குப் பிறகு கப்பற்சிதைவிலிருந்து பொருட்களை எடுத்தனர்' என்று எழுதிவிட்டு, படிப்பவனுக்குப் புரியவில்லை என்றால் அவனுக்குத் தமிழ் போதாது என்பார்கள். தனித்தமிழ் என்பதால் மட்டும் ஒரு சொல் தெளிவாகிவிடாது, ஐயா. வேர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிற கண், வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் கையிலேயே ஒரு சொல் இருக்கிறது: உடைகலம். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் வாணிபத்துக்குக் கடலில் போய்க் கப்பலை இழக்கிறான். 'ஒடிமரம் பற்றி ஊர்திரை உகைப்ப', அதாவது ஒடிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு அலை தள்ள, மனிதரைத் தின்னும் நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். அவர்கள் மொழி அவனுக்குத் தெரியும், அதனால் பிழைக்கிறான். பிறகு நாகர் தலைவனுக்கு அவன் சொல்லும் அறிவுரை: 'உடைகல மாக்கள் உயிர்உய்ந்து ஈங்குறின்' கொல்லாதே, காப்பாற்று. கலம் உடைந்து உயிர் பிழைத்து வந்தவர்கள் உடைகல மாக்கள். கேஸ்ட்அவே என்பதற்கு 'தூக்கி எறியப்பட்டவர்', 'கைவிடப்பட்டவர்' என்று தடுமாறுகிறவர்கள் இந்த வரியைப் பார்க்கலாம். அவர்களை யாரும் எறியவும் இல்லை, கைவிடவும் இல்லை.

'அதே காதையில் கலங்கவிழ் மாக்கள் என்றும் வருகிறதே' என்று மடக்குவார்கள். வருகிறது. அது நாகர் தலைவன் வாயில் வருகிறது, முன்பு தாங்கள் தின்றவர்களைப் பற்றி. சாதுவன் சொல்வது உடைகலம். கவிஞருக்கு இரண்டு சொல்லும் கையில் இருந்தன, நாம்தான் ஒன்றைத் தொலைத்துவிட்டோம்.

உடைகலத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. அது வினைத்தொகை: உடைந்த கலம், உடைகின்ற கலம், உடையும் கலம், மூன்றும் அதற்குள் அடக்கம். பாறைமேல் நாள்கணக்கில் அலை வாங்கிக்கொண்டு கிடந்த ஆன்டிலோப்புக்கு இதைவிடப் பொருந்துகிற சொல் எதையும் நான் பார்க்கவில்லை. கலம் என்றால் பானை சட்டி என்று நினைத்துவிடுவார்களாம். விண்கலம் என்று தினமும் செய்தியில் வருகிறது, யாரும் வானத்தில் சட்டி பறக்கிறது என்று நினைக்கவில்லையே.

அதற்காகக் கப்பல் என்ற சொல்லை விடச் சொல்லவில்லை. மலாய்க்காரர்களும் கப்பலைக் கிட்டத்தட்ட கப்பல் என்றேதான் சொல்கிறார்கள், அது தமிழிலிருந்து போனது என்பது பொதுவான கருத்து. வில்சனின் ஆட்களில் மலாய் தெரிந்த டாம் ரோஸ் இருந்தார், தீவிலும் முன்பே கரையொதுங்கிய மலாய்க்காரர் ஒருவர் இருந்தார், முதல் பேச்சு இந்த இருவர் வழியாகத்தான் நடந்தது. நம் சொல் அந்த மணலில் ஒருமுறையாவது காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இதே மொழிபெயர்ப்புகளில் இன்னொரு எரிச்சல், தீவுக்காரர்கள் எல்லாரும் 'காட்டுவாசிகள்' ஆகிவிடுவது. சேம்பு பயிரிட்டு, தோணி கட்டி, மன்றம் கூடி முடிவெடுத்தவர்கள் அவர்கள். காடு எங்கே இருந்து வந்தது? தீவுக்காரர், தீவார், பலாவ் மக்கள், எது வேண்டுமானாலும் எழுதலாம். கப்பலாட்களில் மேடன் பிளாஞ்சர்ட் என்பவர் கூட்டாளிகளோடு கிளம்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். அவரைக் 'காட்டுவாசிகளோடு கலந்தார்' என்றால் கேவலமாகத் தொனிக்கிறது. சாதுவனைப் பற்றி மணிமேகலை 'அவர் பான்மையன் ஆயினன்' என்று மட்டும் சொல்கிறது.

ஆக, நிகழ்ச்சியைச் சொல்லும்போது கலம் உடைந்தது, அல்லது கப்பல் பாறையில் ஏறி உடைந்தது. மிஞ்சிக் கிடப்பது உடைகலம், பிழைத்து வந்தவர் உடைகலத்தார். தட்டி நின்று பிறகு மிதந்துவிட்டால் நாளிதழ்கள் எழுதுகிற 'தரை தட்டியது' போதும். மன்னார் வளைகுடா மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்பார்கள், முத்துப்பார் என்பதில் வருகிற அதே பார். 'பாரில் தட்டி உடைந்தது' என்று எழுதினால் தூத்துக்குடியில் விளக்கம் கேட்க மாட்டார்கள். உண்மையிலேயே ஒரு கப்பல் தலைகீழானால் தாராளமாகக் கவிழ்ந்தது என்று எழுதுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.