திரி நுனியில் நடக்கும் வேலை

தீபாவளி நெருங்கும்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைகளின் வாசலில் மண் அகல்கள் அடுக்கடுக்காக வந்து இறங்கும். வாங்கிச் சென்று ஏற்றிய விளக்கு புகைந்தால், எண்ணெயில் கலப்படம் என்று கடைக்காரரைக் குறை சொல்வதே வழக்கம். ஆனால், பெரும்பாலும் குற்றவாளி திரிதான்.

நல்லெண்ணெய் திரவமாக இருக்கையில் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழ ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை என்பதால், அகலில் தேங்கிய எண்ணெய் சுடருக்கு அருகிலேயே பற்றாமல் கிடக்கிறது. பஞ்சிழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளில், இழையோடு ஒட்டும் தன்மையாலும் பரப்பு இழுவிசையாலும், எண்ணெய் புவியீர்ப்பை மீறி மேலேறுகிறது. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். நுனிக்கு வந்து சேரும் சிறிதளவு எண்ணெய் மட்டும் சூடேறி ஆவியாகி எரிய, அந்தச் சூடே அடுத்து வரும் எண்ணெயையும் ஆவியாக்குகிறது. ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே லண்டனில் சிறுவர்களுக்கு ஆற்றிய மெழுகுவர்த்தி உரைகளில், சுடரின் நடுவே கண்ணாடிக் குழாயைச் செருகி, அதன் வழியே வந்த ஆவியை மறுமுனையில் கொளுத்திக் காட்டினார்.

சுடரைக் கூர்ந்து பார்த்தால் அடியில் மெல்லிய நீல விளிம்பு தெரியும். அங்கே காற்று தாராளமாகக் கலக்கிறது. அதற்கு மேலே, உட்புறத்தில் காற்று போதாமல் ஆவி சிதைந்து நுண்ணிய கரித்துகள்களாகிறது. அவை 1,000 பாகைக்கு மேல் சூடாகி மஞ்சளாக ஒளிர்கின்றன. நாம் கொண்டாடும் வெளிச்சம் உண்மையில் கரியின் வெளிச்சம்! இத்துகள்கள் சுடரின் ஓரத்தை அடைந்து முழுதும் எரிந்துவிட்டால் புகை இல்லை. திரியை நீளமாக இழுத்து விட்டாலோ, காற்று ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு ஆவி எழுந்து, எரியாத துகள்கள் உச்சியில் குளிர்ந்து புகையாக வெளியேறும். திரியைச் சற்று உள்ளே தள்ளினால் போதும்.

சடசடப்புக்குக் காரணம் ஈரம். ஐப்பசியில் கோலாலம்பூரில் மாலை மழை வழக்கம். நனைந்த திரியில் ஏறும் நீர், சூடான எண்ணெய்க்கு நடுவே திடீரெனக் கொதித்துத் தெறிக்கிறது. புது அகலை முதல்நாளே நீரில் ஊறவைப்பதிலும் நுண்புழை ஏற்றமே வேலை செய்கிறது: சுட்ட மண்ணின் துளைகளை நீர் நிரப்பிவிடுவதால் எண்ணெய் கசிவது குறையும். ஆயினும் எண்ணெய் ஊற்றுமுன் உட்புறத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இல்லையெனில் அந்த நீரும் திரியேறிச் சடசடக்கும்.