பல் பிடுங்கிய குழிக்குள் என்ன நடக்கிறது?

கீழ்வரிசை ஞானப்பல்லை எடுத்து முடித்ததும் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். துப்பக் கூடாது, இன்று கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டுக் குடிக்கக் கூடாது, சிகரெட் கூடவே கூடாது. ஏன் என்று கேட்கலாம்தான், ஆனால் பாதி உதடு மரத்துப்போய் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு எப்படிக் கேட்பது? அடுத்த நாள் இளநீர்க் கடையில் ஸ்ட்ரா கைக்கு வந்த பிறகுதான் எனக்குச் சீட்டு ஞாபகம் வந்தது.

அந்தச் சீட்டில் உள்ள தடைகள் பெரும்பாலும் ஒரே பொருளைக் காப்பதற்காக: பல் இருந்த குழியில் உறைந்து நிற்கும் ரத்தம். கையில் வெட்டுப்பட்டால் மேலே பொருக்குத் தட்டும், பிளாஸ்திரி ஒட்டலாம். வாயில் இரண்டும் நடக்காது. நாளெல்லாம் எச்சில் ஊறும், நாக்கு சும்மா இருக்காது. அங்கே திறந்து கிடக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அந்த ரத்த உறைவுதான் மூடி. புதுத் திசு வளர்ந்து ஏறுவதற்கான சாரக்கட்டும் அதுவே.

அது எப்படி உருவாகிறது? பஞ்சை அழுத்திக் கடிக்கும்போது அறுந்த ரத்தக்குழாய்கள் நசுங்கி, ஒழுக்கு குறைகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அங்கே வந்து ஒட்டிக்கொள்கின்றன. பிறகு ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் இழைகளாக மாறி வலை பின்னுகிறது. சிவப்பணுக்கள் அதில் மாட்டிக்கொள்ள, எல்லாம் சேர்ந்து ஜெல்லி போல இறுகுகிறது. இதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விடாமல் கடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பஞ்சை எடுத்து "நின்றுவிட்டதா" என்று பார்த்தால், பின்னிய வலையைப் பஞ்சோடு பிய்த்து எடுக்கிறோம் என்று அர்த்தம். எச்சிலில் கொஞ்சம் ரத்தம் கலந்தாலே வாயெல்லாம் ரத்தம் போலத் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது வாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது. இளநீரை மேலே ஏற்றும் அந்த இழுப்பு, இளகிய ரத்த உறைவையும் பெயர்த்துவிடலாம். பலமாகத் துப்புவதும் கொப்பளிப்பதும் அதையே அசைக்கும். எச்சிலை விழுங்கலாம், இல்லையென்றால் குனிந்து தானாக வழியவிடலாம். சிகரெட்டுக்கு இரட்டைக் குற்றம்: உறிஞ்சுவது ஒன்று, நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, புண் ஆற வேண்டிய ரத்தத்தைக் குறைப்பது இன்னொன்று.

உறைவு போய்விட்டால் வருவது டிரை சாக்கெட், அதாவது மூடி இல்லாமல் எலும்பு திறந்து கிடக்கும் வறண்ட குழி. 1896லேயே கிராஃபோர்டு என்ற பல் மருத்துவர் வைத்த பெயர் இது. உறைவு பெயர்ந்து விழுவதைவிட, உள்ளுக்குள்ளேயே கரைந்துபோவதுதான் முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. ஃபைப்ரின் வலையை வெட்டிக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதி நம் உடலிலேயே உண்டு. குழியில் காயமும் கிருமியும் அதிகமானால் அது அவசரப்பட்டு வேலையைத் தொடங்கிவிடும். அதனால்தான் சீட்டில் உள்ளதை அப்படியே கடைப்பிடித்தவருக்கும் சில நேரம் இது வருகிறது. கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்குத்தான் அதிகம்.

அடையாளம் எளிது. குறைய வேண்டிய வலி மூன்றாம் நாள் வாக்கில் ஏறும், காது வரை தெறிக்கும், வாய் நாறும். மருத்துவர் குழியைக் கழுவி, பெரும்பாலும் யூஜெனால் கலந்த மருந்தை வைப்பார். யூஜெனால் வேறொன்றுமில்லை, நம் அஞ்சறைப்பெட்டிக் கிராம்பின் எண்ணெயில் இருக்கும் சரக்குதான். அதற்காக வீட்டிலேயே கிராம்பு எண்ணெயை ஊற்றிக்கொள்ளாதீர்கள், நேராகப் பட்டால் திசு வெந்துவிடும்.

வீக்கம் வேறு சங்கதி. அது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். நேற்றைவிட இன்று கன்னம் பெரிதாக இருக்கிறதே என்று கண்ணாடி முன் பதறுவோம், ஆனால் அது அழற்சியின் வழக்கமான போக்குதான். முதல் நாள் ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கி நீர் கசிவது குறையும். குழியின் மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படலம் தெரிந்தால் அது பெரும்பாலும் ஃபைப்ரின்தான். சீழ் என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். ஆஸ்பிரினை வலிக்காக நீங்களாகப் போடாதீர்கள். ஒரு தட்டணுவை அதன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அது முடக்கிவிடும். இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

சாப்பாடு பிரச்சினையே இல்லை. ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்சாதம் போதும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை மட்டும் சாய்த்துச் சாய்த்து விடலாம். அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாலு நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினாலோ மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் போன் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஈறு மூட மூன்று நாலு வாரம் ஆகும். அடியில் எலும்பு நிரம்ப மாதங்கள் பிடிக்கும். எக்ஸ்ரேயில் பழைய குழியின் விளிம்பு அதுவரை லேசாகத் தெரியும். எனக்கோ, ஒவ்வொரு வேளை சாதத்திலும் ஒரு பருக்கை தவறாமல் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.