சிரியஸின் கூட்டாளியை நிறுக்கும் படிக்கல்

மழை ஓய்ந்து பங்குனி பிறந்தால் திருகோணமலை வானம் நன்றாகத் தெளிந்துவிடும். இரவு எட்டு மணிக்கு டச்பே கடற்கரையில் நின்று தெற்கே அண்ணாந்து பாருங்கள், விண்மீன்களிலேயே பிரகாசமாக மின்னுவது சிரியஸ். அதற்கு ஒரு கூட்டாளி உண்டு, சிரியஸ் பி. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, 1862 இல்தான் தொலைநோக்கியில் அகப்பட்டது. பூமியளவு உருண்டைக்குள் கிட்டத்தட்ட ஒரு சூரியனின் நிறை! எரிபொருள் தீர்ந்த விண்மீனின் மிச்சம் அது, வெண்குறுமீன் என்போம்.

சிரியஸோடு சேர்ந்து சுற்றுவதால் இதன் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். சரி, துணையில்லாமல் தனியே நிற்கும் வெண்குறுமீனை எப்படி நிறுப்பது? வெளிச்சத்தை வைத்துத்தான்.

பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் இருப்பது ஐதரசன். ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் 486, 434 நானோமீற்றரில் கருங்கோடுகள் விழும். ஐதான வாயுவில் இவை மயிரிழை போல இருக்கும். வெண்குறுமீனிலோ தாளில் மை ஊறினமாதிரி இரண்டு பக்கமும் பரந்து கிடக்கும். காரணம் நெரிசல். அங்கே ஈர்ப்பு பூமியைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு, அதில் நசுங்கிய பிளாஸ்மாவில், அதாவது அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்ற சூடான வாயுவில், இலத்திரன்களும் அயன்களும் ஒவ்வோர் அணுவையும் உரசாக்குறையாகத் திரிகின்றன, அவற்றின் மின்புலம் அணுவின் சக்திப் படிகளை அங்கே இங்கே நகர்த்துகிறது, ஒவ்வோர் அணுவிலும் ஒவ்வோர் அளவுக்கு, அப்புறம் எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அகன்ற பட்டையாகிவிடும். இது ஸ்டார்க் விளைவு. அகலத்திலிருந்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து ஈர்ப்பு, ஈர்ப்பிலிருந்து நிறை.

ஆனால் இந்த அகலத்துக்கு இந்த அடர்த்தி என்று சொல்வது காகிதக் கணக்கு. மீன் சந்தையில் தராசு நேராக நின்றால் மட்டும் போதுமா, படிக்கல்லும் சரியாக இருக்க வேண்டாமா? இங்கே படிக்கல் அந்தக் காகிதக் கணக்குத்தான். பலத்த ஈர்ப்பிலிருந்து வெளியேறும் ஒளி சிவப்புப் பக்கம் சற்று நகரும், அதுதான் ஈர்ப்புச் செம்பெயர்ச்சி. அதன் வழியாகப் பார்த்த வெண்குறுமீன்களின் சராசரி நிறை, கோட்டு அகலம் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தபோது, சந்தேகம் படிக்கல்மேல் விழுந்தது.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தில் இசட் என்றொரு இயந்திரம் இருக்கிறது. இரண்டு கோடி அம்பியர் அளவு மின்னோட்டம் மெல்லிய டங்ஸ்டன் கம்பிகளில் பாய, அவை ஆவியாகி உள்நோக்கி நெரிந்து எக்ஸ் கதிரைக் கொட்டும். படிக்கல்லைச் சோதிக்க டெக்சாஸ் பல்கலைக்கழக வானியலாளர்கள் அதன் அருகே ஐதரசன் நிரப்பிய சிறு பெட்டியொன்றை வைத்தார்கள். உள்ளே தங்கச் சுவர். எக்ஸ் கதிர் பட்டுத் தங்கம் ஒளிரும், அந்த ஒளி வாயுவைப் பத்தாயிரம் பாகை அளவுக்குச் சூடாக்கும், அதே ஒளி வாயுவைக் கடந்து வெளியே வரும்போது கருங்கோடுகள் விழும், வெண்குறுமீனில் நடப்பது போலவே. எல்லாம் நானோசெக்கன் கணக்கில்! எனக்கு இன்னும் மலைப்பாகவே இருக்கிறது.

கோடுகளை அளந்தபோது 486 ஒரு அடர்த்தி சொன்னது, 434 இன்னொன்று. இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே கணத்தில், ஒரே ஐதரசனில் விழுந்த கோடுகள்.