மறைமாவட்டம்: அரசிடமிருந்து கோயிலுக்கு வந்த சொல்

எலத்தகிரி இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். ஆனால் அந்த ஊர்க் கோயில் திருவிழா நோட்டீஸில் 'தருமபுரி மறைமாவட்டம்' என்று போட்டிருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் அதைப் படித்துவிட்டு, "மாமா, மாவட்டத்தைத் தப்பா அச்சடிச்சிட்டாங்க" என்றாள். தப்பில்லை, அது அரசின் மாவட்டம் இல்லை, ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி, ஆங்கிலத்தில் டயோசிஸ் என்றேன். ஏன் தப்பில்லை என்று விளக்கப்போனால் பேச்சு கிரேக்கம் வரை போய்விட்டது.

கிரேக்கத்தில் ஓய்க்கோஸ் என்றால் வீடு. அதிலிருந்து பிறந்த தியோய்க்கேசிஸ் என்ற சொல்லுக்கு முதலில் குடும்பத்தைக் கட்டி நடத்துவது என்று பொருள். பிறகு எந்த நிர்வாகத்துக்கும் அது பெயரானது. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் தன் ஆட்சிப் பரப்பைப் பெரும் பிரிவுகளாகப் பிரித்தபோது அவற்றுக்கு இதே பெயர்தான். ஒவ்வொரு பிரிவிலும் பல மாகாணங்கள் அடங்கின. கிறிஸ்தவர்களைக் கொடுமையாக வதைத்த பேரரசன் அவன். அவன் காலத்து ஆட்சிச் சொல்லைத்தான் பின்னாளில் திருச்சபை எடுத்து, ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதிக்குப் பெயராக வைத்துக்கொண்டது. டயோசிஸ் என்று நம் காதுக்கு வருவது அதுதான்.

தமிழில் நடந்ததும் இதேதான். ஜில்லா என்ற அரபுச் சொல் போய் மாவட்டம் வந்தது. வட்டம் என்றால் தாலுகா, அதைவிடப் பெரியது மாவட்டம். அந்த அரசுச் சொல்லின் முன்னால் 'மறை' சேர்த்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் மறைமாவட்டம் ஆக்கினார்கள். மறை என்றால் வேதம். வேதக்கோயில், வேதக்காரர் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வேதத்தின் தமிழ் வடிவம். ரோமையில் என்ன நடந்தது என்று தெரிந்து செய்தார்களோ இல்லையோ, மூலச் சொல் பிறந்த வழியிலேயே தமிழ்ச் சொல்லும் பிறந்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் இவ்வளவு பொருத்தம் அமைவது அபூர்வம். அதனால்தான் இந்தச் சொல் மீது எனக்குத் தனிப் பிரியம்.

இதற்கு முன்பு மேற்றிராசனம் என்றார்கள். ஆயரை மேற்றிராணியார் என்றார்கள். மலையாளத்து மெத்ரானோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல் இது. மெத்ரான், தலைநகர ஆயரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சிரியாக் மொழி வழியாக வந்தது. ஆயர் என்பதோ நம்முடைய பழஞ்சொல், ஆநிரை மேய்ப்பவர். ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்கு நடுகல் எடுத்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்தச் சொல் அந்நியமாகவே படாது. ஆனால் பிஷப் என்பதன் மூலமான எபிஸ்கோப்போஸ், மேற்பார்வை செய்பவர் என்ற பொருளுடையது. பழைய தமிழ் பைபிளில் 'கண்காணி' என்றே வரும். ஆயர் என்பது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அல்ல, இயேசு தன்னை நல்ல மேய்ப்பன் என்று சொன்ன நல்லாயன் உவமையிலிருந்து எடுத்தது. கண்காணியைவிட ஆயர்தான் மனதுக்கு நெருக்கம்.

சரி, எலத்தகிரிக்கு வருவோம். இந்தப் பகுதி முழுவதும் ஒருகாலத்தில் சேலம் மாவட்டம். 1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்தில்தான் இங்குள்ள பங்குகளும் (பாரிஷ்) இருந்தன. 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது. தனி மறைமாவட்டமாக அது 1997 வரை காத்திருந்தது. 2004இல் அரசு கிருஷ்ணகிரியைப் பிரித்தது, திருச்சபை பிரிக்கவில்லை. அதனால் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே மறைமாவட்டம், ஆயரின் தலைமைக் கோயிலான பேராலயம் தருமபுரியில். அரசிடம் பெயரை வாங்கிக்கொண்டாலும் எல்லைக்கோட்டை அரசு வரைவதில்லை.

ஓசூரில் இது இன்னும் சிக்கல். இலத்தீன் வழிபாட்டு முறைக்காரர்களுக்கு அது தருமபுரி மறைமாவட்டம். கேரளத்துச் சிரியாக் மரபில் வந்த சீரோ மலபார் முறையினருக்கு 2017இல் ஓசூர் பெயரிலேயே தனி மறைமாவட்டம் வந்துவிட்டது. ஒரே ஊர், இரண்டு ஆயர்கள். சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளில் மறைமாவட்டத்தை எப்பார்க்கி என்பார்கள். அதுவும் ரோமை ஆட்சிக் காலத்தில் மாகாணத்தைக் குறித்த கிரேக்கச் சொல்தான்!

எழுதும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். 'மறை மாவட்டம்' என்று பிரித்து எழுதினால் 'மறை' வினைச்சொல்லாகி, மாவட்டத்தை ஒளித்துவைக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். சேர்த்தே எழுதுங்கள். அப்புறம், கத்தோலிக்கர்கள் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப், அவருடையது உயர்மறைமாவட்டம். தருமபுரி அடங்கும் உயர்மறைமாவட்டம் புதுவை-கடலூர். தென்னிந்தியத் திருச்சபையிலோ (சி.எஸ்.ஐ.) சாதாரண பிஷப்பே பேராயர்தான், அவர் பகுதி திருமண்டலம் அல்லது பேராயம். செய்தி எழுதுகிறவர்கள் எந்தச் சபை என்று கேட்டுவிட்டு எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

அக்கா மகள் கடைசியாக, "அப்போ பங்குன்னா?" என்று கேட்டாள். அதன் கிரேக்க மூலமான பரோய்க்கியாவிலும் அதே ஓய்க்கோஸ், அதே வீடுதான். அயலூரில் வந்து குடியிருப்பது என்று பொருள். தமிழில் நாம் அதைப் பங்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் ஒப்படைத்த பாகம் என்று ஆக்கிக்கொண்டோம். "எங்க பங்கு எலத்தகிரி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு நோட்டீஸை மடித்து வைத்தாள்.