எச்-இண்டெக்ஸ் 14 என்றால் எங்கே எடுத்த 14?

பதவி உயர்வு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் நூலகர்களுக்கு நன்கு பழகிய வரி இது: "எச்-இண்டெக்ஸ்: 14." ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒன்றும் இருக்காது. அது கூகுள் ஸ்காலரில் எடுத்த 14 என்றால், அதே ஆய்வாளருக்கு மேற்கோள்களை எண்ணும் இன்னொரு தளமான ஸ்கோபஸில் 9 காட்டக்கூடும். இரண்டுமே பொய்யில்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, இதழில் வருமுன் வெளியிட்ட முன்பதிப்பு, அறிக்கை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக்கொள்ளும். ஸ்கோபஸும் அதுபோன்ற வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளுக்குள்தான் எண்ணும்.

எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். தலா 14 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 14 இருந்தால் மதிப்பு 14. அதில் ஒன்று 900 மேற்கோள் வாங்கியிருந்தாலும் கணக்கு மாறாது. வேலையை விட்டுவிட்டாலும் எண் இறங்காது. மேற்கோள் காட்டும் வழக்கமும் துறைக்குத் துறை மாறும். ஆகவே மூத்தவரையும் இளையவரையும், கணிதக்காரரையும் மருத்துவ ஆய்வாளரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

இன்னொரு வேடிக்கை, இம்பாக்ட் ஃபேக்டர்களைக் கூட்டி "மொத்தம் 38" என்று போடுவது. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழின் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மேற்கோள்களின் சராசரி. இதழின் மேற்கோள்களில் பெரும்பகுதியை ஒருசில கட்டுரைகளே ஈட்டித்தரும். உங்கள் கட்டுரை அவற்றில் ஒன்றா என்பதை அந்த எண் சொல்லாது. ஆய்வு மதிப்பீடு குறித்து 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், இதழின் எண்ணை வைத்துத் தனிக் கட்டுரையை எடைபோடுவதைத்தான் கூடாது என்கிறது.

சரி, எப்படி எழுதலாம்? "ஸ்கோபஸ், 3 மார்ச் 2025 நிலவரம்: 212 மேற்கோள்கள், சுயமேற்கோள் நீங்கலாக 181." இப்படி எழுதினால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். அப்புறம், மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் நாலைந்தைத் திறந்து படியுங்கள். ஆய்வுமுறைப் பகுதியில் உங்கள் முறையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா, முன்னுரையில் எட்டுப் பேரோடு ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் வகையில் ஒன்று கிடைத்தாலும் இரண்டு வாக்கியத்தில் விவரித்து எழுதுங்கள். மறுப்பதற்காகவும் மேற்கோள் காட்டுவார்கள்: தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது; அதற்கும் மேற்கோள்கள் ஏராளம்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஸ்காலர் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் பெயரே கொண்ட வேறொருவரின் கட்டுரை தானாக வந்து சேர்ந்திருக்கலாம்; எண் குறைந்தாலும் நீக்கிவிடுங்கள்.