ஏ.ஐ. வந்தாலும் மூச்சை எண்ண ஆள் வேண்டும்

நர்சிங் உதவியாளர் படிப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் விசாரித்து முடித்ததும் இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள். "ஏ.ஐ. வருதுன்னு சொல்றாங்களே சிஸ்டர், இந்த வேலை நிக்குமா?" களக்காடு, முக்கூடல், நாங்குநேரிப் பக்கத்துக் குடும்பங்கள். பல வீடுகளில் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசுதான் படிப்புச் செலவுக்கு வருகிறது. அவர்களிடம் பட்டும்படாமல் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. பாளையங்கோட்டையில் வார்டு வேலை பார்த்துவிட்டு, இப்போது உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வேலையில் ஒரு பகுதி கண்டிப்பாகக் கைமாறும். மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சார், நோயாளியைத் தொடாமலே இதயத்துடிப்பையும் மூச்சையும் அளந்துவிடுகிறது. பெங்களூரின் டோசி நிறுவனம் இதைத்தான் செய்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் இருக்கிறதா என்று கணினியைக் கொண்டு பார்ப்பதை உலக சுகாதார நிறுவனம் 2021லேயே பரிந்துரைத்துவிட்டது. டியூட்டி பட்டியல் போட, பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எழுத என்று ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் வந்துகொண்டிருக்கிறது.

பக்கவாதத்தில் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவும், புரையேறாமல் கஞ்சி ஊட்டவும், டயப்பர் மாற்றும்போது கூசிப்போகும் தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுத்தம் செய்யவும் ஆள்தான் வேண்டும். ரோபோவுக்குப் பேர்போன ஜப்பானே 2019ல் புதிய விசா முறை கொண்டுவந்து, முதியோர் பராமரிப்புக்கு வெளிநாட்டவரை எடுக்கிறது. பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் பிள்ளைகளிடம் நான் அதிக நேரம் பேசுவது வேறொன்றைப் பற்றி: சார்ட்டில் அவர்கள் எழுதும் எண்கள்.

எந்த வார்டுக்குப் போனாலும் வைட்டல்ஸ் சார்ட்டை எடுத்துப் பாருங்கள். பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். மூச்சு மட்டும் வரிசையாக 18, 20, 18, 20. நான் சொன்ன சென்சார் இல்லாத வார்டுகளில் மூச்சை எண்ண மெஷின் கொடுப்பதில்லை, ஒரு நிமிடம் நின்று எண்ண யாருக்கும் நேரமில்லை, அதனால் குத்துமதிப்பாக எழுதிவிடுகிறார்கள். உலகம் முழுக்கவே வார்டுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் அளவு இதுதான்.

இதில் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டிக் காட்ட 'நியூஸ்' என்றொரு மதிப்பெண் முறை இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவர் கல்லூரி 2012ல் கொண்டுவந்து 2017ல் திருத்தியது. எழுபது வயது ஆச்சி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் 101 டிகிரி, அதற்கு 1. பல்ஸ் 112, அதற்கு 2. ஆக்சிஜன் 95, அதற்கு 1. பி.பி. சரியாக இருக்கிறது, நினைவும் தெளிவாக இருக்கிறது. உண்மையில் மூச்சு 26, அதற்கு 3. மொத்தம் 7. ஏழு வந்தால் டாக்டர் குழு உடனே ஓடிவர வேண்டும். அதே ஆச்சிக்கு எண்ணாமல் 20 என்று எழுதினால் மூச்சுக்கு மதிப்பெண் 0. மொத்தம் 4. 'அபாயம் குறைவு' என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

ஏ.ஐ. மென்பொருள் இதைவிடப் பல மடங்கு சிக்கலான கணக்குப் போடும்தான். ஆனாலும் உள்ளே போவது நாம் எழுதிய எண். கெட்டுப்போன மாவில் எந்த மாஸ்டர் ஊற்றினாலும் தோசை புளிக்கத்தான் செய்யும். அதுபோக, சரியான எண்கள் போனாலும் மென்பொருள் தவறும். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த ஒரு செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடலுறுப்புகளே பழுதாகும் ஆபத்தான நிலை) எச்சரிக்கை மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்த நோயாளிகளில் 67 சதவீதம் பேரை அது கண்டுபிடிக்காமல் விட்டிருந்தது.

அதனால் முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். பல்ஸ் பார்க்கிற மாதிரியே மணிக்கட்டைப் பிடித்தபடி நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். எண் கூடினால் எழுதிவிட்டு நகர்ந்துவிடாமல் டியூட்டி சிஸ்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "அக்கா, ஆச்சிக்கு மூச்சு 26 இருக்கு, வந்து பாருங்க." இப்படிச் சொல்லத் துணிந்த பிள்ளையை எந்த மென்பொருளும் வெளியே தள்ளாது.

நம் தோலின் நிறத்தையும் மறக்கக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ரத்தத்தில் குறைந்துபோன ஆக்சிஜனைச் சரியாக இருப்பதாகக் காட்டிய தவறு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு நடந்தது என்று 2020ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. படுக்கைப் புண்ணும் அப்படித்தான். வெளுத்த தோலில் முதலில் சிவப்புத் தெரியும். நம்மூர்க் கறுத்த தோலில் அது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் கைவைத்துப் பார்த்தால்தான் சூடோ கடினமோ தட்டுப்படும். வெளிநாட்டுப் படங்களை வைத்துப் பழக்கிய ஒரு கேமரா இதைச் சொல்லுமென்று நம்பிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி நடத்துபவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சென்சார் வாங்கியாகிவிட்டது, இனி நைட் டியூட்டிக்கு ஒருவர் போதும் என்ற பேச்சு என் காதிலும் விழுந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. அலாரம் அடிக்கும்போது படுக்கைக்கு யார் போவது? ஒரே நேரத்தில் மூன்று படுக்கையில் அடித்தால்? வீண் அலாரம் கேட்டுக் கேட்டு, நிஜமானது அடிக்கும்போதும் காது பழகிப்போயிருக்கும். உதவியாளர் வேலைக்கு நான் பயப்படும் இடமே இதுதான்: மெஷினைக் காட்டி ஆளைக் குறைப்பது.

இன்னொன்று, போன். நோயாளியின் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து ஏதாவது ஏ.ஐ. செயலியில் போட்டு அர்த்தம் கேட்கும் பழக்கம் இளம் பிள்ளைகளிடம் வந்துவிட்டது. கற்றுக்கொள்ளும் ஆசை நல்லதுதான். நோயின் பெயரை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர், வார்டு எண், படம் எதுவும் வெளியே போகக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023ல் சட்டமே வந்திருக்கிறது.

படிப்பைப் பற்றி: உதவியாளர் படிப்பை முடித்தால் நர்ஸ் ஆகிவிட முடியாது. அதற்கு ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நான்கு வருடம் தனியாகப் படிக்க வேண்டும். இதைச் சேரும் முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். ஏ.ஐ. நர்சிங் என்று தனிச் சான்றிதழுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த மையத்தில் எந்த ஆஸ்பத்திரி வார்டில், எத்தனை மாதம் பயிற்சி தருகிறார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லையென்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.