வீட்டு முற்றத்தில் ஷோர்ட் புளொக் மாற்றப் போகிறவர்களுக்கு

போன ஆடியில் மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் இருந்து ஒரு தம்பி தன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் கராஜுக்கு வந்தார். டொயோட்டா 121 கொரோலா. கொழும்பில் இருந்து பாவித்த ஷோர்ட் புளொக் ஒன்றை, அதாவது எஞ்சினின் கீழ்ப்பாதியை, எடுத்து, அவரும் மச்சானும் சேர்ந்து வீட்டு முற்றத்திலேயே மாற்றியிருக்கிறார்கள். மாற்றி மூன்று கிழமைதான். "அண்ணன், வீடியோவில பார்த்த மாதிரியே எல்லாம் செஞ்ச நாங்க, இப்ப கீழால தட்டுது" என்றார்.

எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற தட்டான சம்பைக் கழற்றி, பிஸ்டனைக் கிராங்கோடு (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) இணைக்கிற கனெக்டிங் ரொட்களில் மூன்றாவதின் மூடியை எடுத்தேன். அதற்குள் இருக்கிற அரைவட்டத் தகடான பேரிங் செல்லைத் துணியால் துடைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால், சாம்பல் நிற உலோகத்தில் வளைவோடு ஒரு கீறல் ஓடுகிறது, அது தொடங்கும் இடத்தில் ஏதோ மினுங்குகிறது. ஊசியால் கிளப்பி அந்தத் தம்பியின் உள்ளங்கையில் போட்டேன். மணல். அவர் வீட்டு முற்றத்து வெள்ளை மணலில் ஒரே ஒரு மணி. கிராங்கில் அதே இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன், நகம் தடக்கியது. நகம் தடக்கினால் அந்தக் கிராங்கை அப்படியே திரும்பப் போட முடியாது.

கச்சான் காற்று அடிக்கிற மாதம், திறந்த முற்றம், எஞ்சின் வாய் திறந்து இரண்டு இரவு கிடந்திருக்கிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே ஒயில் நிற்கிற இடைவெளி சாதாரணமாக 0.02 இல் இருந்து 0.05 மில்லிமீட்டர் வரைதான், தலைமுடியை விடக் குறைவு. அதற்குள் ஒரு மணல்மணி போனால் அங்கே ஒரு பாறாங்கல் விழுந்த மாதிரித்தான்.

ஆனால் மணல் இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த எஞ்சின் நிலைத்திருக்காது. "பழைய எஞ்சின் ஏன் போனது?" என்று கேட்டேன். "ஹீட் ஆகி." "ஏன் ஹீட் ஆனது?" அதற்குப் பதில் இல்லை. ரேடியேட்டர் பழையது, உள்ளே வெள்ளையாகப் படிந்து பாதிக் குழாய் அடைபட்டிருக்கிறது. எஞ்சினின் மேல்பாதியான ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோகாமல் பெற்றோலால் கழுவி அப்படியே வைத்திருக்கிறார்கள். முதல் எஞ்சினைக் கொன்ற காரணம் அசையாமல் அங்கேயே இருக்க, அதன் கீழே இரண்டாவது எஞ்சினைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

இதற்காகத்தான் எழுதுகிறேன். வீட்டில் செய்யவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய காரின் விலையே எட்டாத உயரத்துக்குப் போனது, இருப்பதை எப்படியாவது ஓட வைக்க வேண்டிய நிலைமை எல்லோருக்கும் வந்தது. கைவேலை தெரிந்தவர் தன் காரைத் தானே திறந்து பார்ப்பதை நான் மதிக்கிறேன். என் கவலையெல்லாம், புளொக் வந்து இறங்கிய பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்பது.

ஷோர்ட் புளொக் என்றால் எஞ்சினின் கீழ்ப்பாதி: புளொக், அதற்குள் கிராங்க், கனெக்டிங் ரொட், பிஸ்டன், ரிங்ஸ், பேரிங். ஹெட்டும் வால்வும் கேம்ஷாஃப்டும் அதில் வராது, உங்கள் பழைய ஹெட்தான் மேலே ஏறும். சம்ப், வாட்டர் பம்ப், டைமிங் செயின் கவர் எல்லாம் பெரும்பாலும் பழையதுதான். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். 121இல் வருகிற 1என்இஸட் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒயில் பம்ப் டைமிங் செயின் கவருக்குள்ளேயே இருக்கிறது, புளொக்கோடு வராது. பழைய எஞ்சினில் பேரிங் அரைபட்டிருந்தால் அந்த உலோகத் தூள் பம்புக்குள்ளும் சம்பில் இருக்கிற ஒயில் சல்லடைக்குள்ளும் போய்ச் சேர்ந்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவாமல் மாட்டினால், ஸ்டார்ட் பண்ணின முதல் நிமிடத்திலேயே பழைய எஞ்சினின் தூளைப் புது எஞ்சினுக்கு நீங்களே ஊட்டுகிறீர்கள். பம்பில் கீறல் இருந்தால் பம்பை மாற்றுங்கள், புளொக்குக்குச் செலவழித்த காசோடு பார்த்தால் அது பெரிய காசில்லை.

சரி, பழையது ஏன் போனது என்று எப்படிப் பார்ப்பது? பேரிங்குகள் தேய்ந்து, கிராங்க் நீலம் பாரித்து, சல்லடையில் தார் மாதிரி அடைப்பு இருந்தால் ஒயில் பட்டினி. ஒன்றில் நேரத்துக்கு ஒயில் மாற்றவில்லை, அல்லது குறைந்ததைப் பார்க்கவில்லை. ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் வைக்கிற ஹெட் கேஸ்கட் இரண்டு சிலிண்டருக்கு இடையில் எரிந்திருந்தால், ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால், சூடு. அப்போது ரேடியேட்டர், தேர்மோஸ்டாட், விசிறி, ரேடியேட்டர் மூடி நான்கையும் பாருங்கள். தேர்மோஸ்டாட்டை ஒரு பழைய சட்டியில் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தே சோதிக்கலாம், இந்த எஞ்சினுக்குரியது சுமார் 82 பாகையில் திறக்கத் தொடங்க வேண்டும், கொதிக்கும் வரை திறக்காவிட்டால் எறிந்துவிடுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நம் கிணறுகளில் பல இடங்களில் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதைத்தான் வருடக்கணக்காக ரேடியேட்டருக்கு ஊற்றுகிறோம். அலுமினியப் புளொக்குக்கும் ஹெட்டுக்கும் அது மெல்லிய நஞ்சு. கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து ஊற்றுங்கள், கிணற்று வாளியை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவது காரணம் நம் பகுதிக்கே உரியது, வெள்ளம். கார்த்திகை மார்கழி மழையில் வீதியில் நிற்கிற தண்ணீருக்குள் காரை விட்டு, நடுவில் எஞ்சின் நின்றவுடன் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். எயார் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போனால், காற்று மாதிரி அது சுருங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ரொட் வளையும். அன்றைக்கே தட்டாமலும் இருக்கலாம், சில மாதம் ஓடிவிட்டுப் பிறகு புளொக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஹெட்டைக் கழற்றிய பிறகு நான்கு பிஸ்டனையும் ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து புளொக்கின் மேல்மட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் ரொட் வளைந்திருக்கிறது. நீங்கள் விலைக்கு வாங்கப் போகிற பாவித்த புளொக்கிலும் இதைச் செய்து பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். வெள்ளத்தில் நின்ற கார்களின் எஞ்சினும் சந்தைக்கு வருகிறது.

வாங்கும்போது இன்னொன்று. எஞ்சின் இலக்கம் பொறித்திருப்பது புளொக்கில். அதனால் ஷோர்ட் புளொக்கை மாற்றினால் உங்கள் பதிவுச் சான்றிதழில் இருக்கிற இலக்கமும் காரில் இருக்கிற இலக்கமும் வேறாகிவிடும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும், அதற்கு வாங்கின இடத்துப் பற்றுச்சீட்டும் புளொக் வந்த வழியைக் காட்டுகிற பத்திரங்களும் கையில் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டுத் தரமாட்டேன் என்கிறவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள், களவு போன காரின் புளொக் உங்கள் காருக்குள் இருப்பது விற்கப் போகிற அன்றுதான் தெரியவரும்.

இனி வேலை செய்கிற இடம். இதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் போவது உயிர். வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் நம் வளவு பெரும்பாலும் மணல். மணலில் ஜாக் ஸ்டாண்ட் நேராக நிற்கிற மாதிரித்தான் தெரியும், நீங்கள் கீழே படுத்து கியர்பொக்ஸ் போல்ட்டுக்குப் பலம் கொடுக்கும்போது ஒரு கால் மெல்லப் புதையும், கார் சரியும். சீமெந்துத் தரை இல்லாவிட்டால் தடித்த பலகையோ ரயில் சிலிப்பர் கட்டையோ அகலமாகப் போட்டு, அதன் மேல் ஸ்டாண்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். கழற்றிய சில்லுகளைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், எது நடந்தாலும் கார் அதன் மேல்தான் விழும். எஞ்சினை மாமரக் கிளையில் செயின் புளொக் கட்டித் தூக்குவதை இன்னும் பார்க்கிறேன். கியர்பொக்ஸோடு சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும் பாரம், பச்சையாகத் தெரிகிற கிளை உள்ளே உளுத்திருந்தால் யாருக்குத் தெரியும்? இரும்புக் குழாய் முக்காலியோ கிரேனோ ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். தொங்குகிற எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ போகக் கூடாது, பிள்ளைகள் வளவுக்குள் வரவே கூடாது.

பற்றரியின் மறைமுனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஏசி கொம்ப்ரஸரைக் குழாயோடு அப்படியே ஓரமாகக் கட்டி வையுங்கள், குழாயைத் திறந்தால் வாயு சீறி வந்து கண்ணில் படும், பிறகு அதை நிரப்பவும் வேறு செலவு. வடித்த பழைய ஒயிலை, மூன்றரை லீற்றருக்கு மேல் வரும், வேலியோரத்து மணலில் ஊற்றிவிடாதீர்கள். நம் கிணற்றுத் தண்ணீர் மணலுக்குக் கீழே சில அடியில்தான் இருக்கிறது, வடிகட்ட அங்கே வேறெதுவும் இல்லை. கேனில் அடைத்து ஒரு கராஜில் கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோகாமல் புது புளொக்கின் மேல் வைக்க நான் சம்மதிப்பதே இல்லை, யார் கேட்டாலும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பட்டறைகள் இருக்கின்றன. மட்டம் பார்த்து, அழுத்தம் கொடுத்து வெடிப்புப் பார்த்துத் தருவார்கள். 0.05 மில்லிமீட்டர் வளைவே பல எஞ்சின்களுக்கு எல்லை, அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஹெட் கேஸ்கட் புதிது, அதில் பேச்சே இல்லை. ஹெட் போல்ட் இந்த வகை எஞ்சின்களில் இழுபட்டு இறுகுகிற வகை: முதலில் குறிப்பிட்ட அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரெஞ்சால் இறுக்கி, பிறகு 90 பாகை, மறுபடி 90 பாகை திருப்ப வேண்டும். உங்கள் எஞ்சினுக்குரிய அளவையும் வரிசையையும் அந்த எஞ்சினின் கைநூலில் பார்த்து ஒரு தாளில் எழுதி முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். டோர்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்கள், "என் கைக்குத் தெரியும்" என்பது இதில் செல்லாது. போல்ட் போகிற துளைகளுக்குள் ஒயிலோ தண்ணீரோ நின்றால் துடைத்து எடுங்கள், இறுக்கும்போது அது வெளியேற வழியில்லாமல் புளொக்கையே வெடிக்க வைக்கும். சிலிக்கனை அள்ளிப் பூசாதீர்கள், உள்பக்கம் பிதுங்குவது பிறகு பிய்ந்து போய் ஒயில் சல்லடையில் உட்காரும்.

வேலையைப் பாதியில் விட்டுச் சாப்பிடப் போகும்போதும் எஞ்சினைத் துப்பரவான பொலித்தீனால் மூடிக் கட்டுங்கள். கச்சான் மாதத்தில் என்றால் நாலு பக்கமும் தறப்பாள் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டே திறப்பேன். பேரிங்கிலும் பிஸ்டனிலும் பொருத்துவதற்கான பசை ஒயிலைப் பூசுங்கள். டைமிங் செயின் குறிகளைச் சேர்த்த பிறகு, ஸ்டார்ட்டரைத் தொடும் முன்பு, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது இடித்தால் நிறுத்துங்கள், பலம் கொடுக்காதீர்கள், வால்வு பிஸ்டனில் முட்டுகிறது என்று அர்த்தம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு அவசரம் வேண்டாம். எரிபொருள் பியூஸையும் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒயில் லைட் அணையும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரை அடியுங்கள், அதற்குள் ஒயில் எல்லா இடமும் போய்விடும். பிறகு மாட்டி ஸ்டார்ட் பண்ணி, விசிறி ஓடுகிறதா, எங்காவது கசிகிறதா, கூலண்ட் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள், காற்று வெளியேற வெளியேற மட்டம் இறங்கும், சூடு ஆறிய பிறகே மூடியைத் திறந்து நிரப்புங்கள். ரிங்ஸ் புதிது என்றால் மணிக்கணக்காக நின்ற இடத்தில் ஓட விடாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். முதல் கிழமையே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிடாதீர்கள். முதல் ஒயிலை 1,000 கிலோமீட்டருக்கு முன் மாற்றி, பழைய ஒயில் ஃபில்டரை வெட்டித் திறந்து பாருங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று எஞ்சின் எழுதி அனுப்புகிற கடிதம் அதுதான்.

அந்தத் தம்பிக்கு வேறு கிராங்க், புதுப் பேரிங், புது ரிங்ஸ், மட்டம் பார்த்த ஹெட், புது ரேடியேட்டர் போட்டோம். பாதி வேலையை அவர் கையாலேயே செய்ய வைத்தேன். புரட்டாதியில் 800 கிலோமீட்டரில் வந்தார். ஃபில்டரை வெட்டி, மடிப்புக் காகிதத்தைப் பழைய பேப்பரில் விரித்து, கராஜ் வாசலில் வெயிலுக்குப் பிடித்து ஒவ்வொரு மடிப்பாக இரண்டு பேரும் பார்த்தோம். முதல் மடிப்புகளில் மயிரிழை மாதிரி ஒன்றிரண்டு மினுக்கம், புது ரிங்ஸ் பதிகிறபோது வருவதுதான். மற்றதெல்லாம் வெறும் கறுப்பு ஒயில். அவர் கடைசி மடிப்பு வரை விடவில்லை.